மனம் உடைந்த நாட்களில் பாட்டுக் கட்டுவது எப்படி

வீட்டில் கஷ்டம் வந்தால், பாட்டு எழுதத் தெரிந்தவர் முதலில் நிறுத்துவது பாட்டைத்தான். "இது தீரட்டும், அப்புறம் எழுதலாம்" என்பார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி, ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த பட்டணங்களில் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. கடன் அடைகிற நேரத்தில் சர்க்கரை ஏறும், சர்க்கரை இறங்குகிற நேரத்தில் பையனுக்கு வேலை போகும். வேதாகமத்திலும் பலர் எல்லாம் தீர்வதற்கு முன்பே பாடியிருக்கிறார்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பல, தலைப்பிலேயே "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது" என்று சொல்கின்றன. அழுததைப் பாடகர் குழுவிடம் கொடுத்துப் பாட வைத்திருக்கிறார்கள்.

இங்கே சொல்வது பாட்டைப் பற்றி. தையல், ஓவியம், ஞாயிறு பள்ளி நாடகம் என்று வேறு வரம் உள்ளவர்களுக்கும் முதல் இரண்டு பகுதிகள் அப்படியே பொருந்தும்.

முதலில் உடம்பு

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து போதனை எதுவும் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பசியோடும் தூக்கமில்லாமலும் உட்கார்ந்து எழுதினால் வருவது பெரும்பாலும் ஒரே வரி, அதுவும் திரும்பத் திரும்ப.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டே கிடந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிடித்த எதிலும் ருசி இல்லாமல் போனால், அது பாட்டுக் கட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் (கிளினிக் கெசிஹாத்தான்) டாக்டரிடம் சொல்லுங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). "தஞ்சோங் ரம்புத்தானுக்கு", அதாவது அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு, "அனுப்பிவிடுவார்கள்" என்கிற பழைய பயம் பேராக்கில் இன்னும் போகவில்லை. மனச்சோர்வுக்கு ஊர் கிளினிக்கிலேயே சிகிச்சை தொடங்க முடியும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை வெளியே சொல்லவும் பயப்பட வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. மனம் விட்டுப் பேச உதவித் தொலைபேசிகள் உண்டு: பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) 15555. போதகரிடம் ஜெபம் கேட்பதும் மாத்திரை போடுவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

எவ்வளவு நேரம், எதில்

ஒரு தடவைக்கு 20 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தினமும் சீவினால் மரம் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். உளி ஆழமாக இறங்கினாலும் கேடுதான். மரத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் காயம்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அதில் திரும்ப உளி வைக்க முடியாது. துக்கத்திலிருந்து எழுதுவதும் அப்படித்தான். சம்பவம் நடந்த அன்றைக்கே அதன் நடுவுக்குள் போகாதீர்கள். முதல் வாரம் சுற்றி இருப்பதை எழுதுங்கள்: ஆஸ்பத்திரி நாற்காலி, காலி டிபன் கேரியர், அடைக்காத பில். 20 நிமிடம் ஆனதும், வரி பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். பாதி வரி இருந்தால் அடுத்த தடவை தொடங்குவது சுலபம்.

எழுத, மளிகைக் கடையில் கிடைக்கிற சின்ன 555 புத்தகம் போதும். கடன் கணக்கு எழுதவே பிறந்த புத்தகம் என்பதால் அதில் அழகாக எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, அதுதான் அதன் நன்மை. முன்பக்கத்திலிருந்து பாட்டு, பின்பக்கத்திலிருந்து வெட்டிப் போட்ட வரிகள். பால் பிடிக்கிற மங்கில் உறைந்த கட்டிப்பாலை யாராவது எறிகிறார்களா?

டயாலிசிஸ் போகிறவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கையில் இருக்கிறது, ஆனால் ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. அடுத்த கையில் கைப்பேசியை வைத்து, குரல் பதிவில் மெட்டை மட்டும் முணுமுணுத்து வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவது நல்லது. கடைசி மணி நேரத்தில் பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கிக் களைப்பு வரும்.

சட்டகம் ஒன்று: 13ஆம் சங்கீதம்

ஆறே வசனம். 1, 2 முறையீடு. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. முறையீட்டில் "எதுவரைக்கும்" என்ற சொல் நாலு தடவை வருகிறது. இதை அப்படியே கீர்த்தனை உருவத்தில் வைக்கலாம்: பல்லவி இரண்டு வரி, அதில் உங்கள் 'எதுவரைக்கும்'. முதல் சரணம் நடந்தது. இரண்டாவது சரணம் கேட்பது. மூன்றாவது சரணம் நம்புவது. அனுபல்லவி கட்டாயம் இல்லை.

பல்லவிக்கு ஒரு மாதிரி:

எத்தனை நாள் இன்னும் ஐயா
என் முகம் பாராமல் இருப்பீர்

மெய்யெழுத்தை விட்டு எண்ணினால் முதல் வரி 8, இரண்டாவது 9. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வரி வசதியாக உட்காரும். 12க்கு மேல் போனால் சபை மூச்சு வாங்கும். இரண்டு வரிக்கும் 'எ'வில் மோனை விழுகிறது. அது இருந்தால் தாள் இல்லாத பாட்டிக்கும் அடுத்த வரி ஞாபகம் வரும்.

சொதப்புவது மூன்றாவது சரணத்தில். சாட்சி சொல்லிப் பழகியதால் எல்லோரும் இறந்தகாலத்தில் முடிப்பார்கள்: "தீர்த்தீரே, விடுவித்தீரே." இன்னும் தீரவில்லையே! ஐந்தாம் வசனத்தைக் கவனியுங்கள். "உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்." எதிர்காலம். நம்பிக்கைக்கு நிகழ்காலம், விடுதலைக்கு எதிர்காலம், பழைய நன்மைக்கு மட்டும் இறந்தகாலம். விகுதியைச் சரியாகப் போட்டாலே பாட்டு பொய் சொல்லாது.

மூன்றாவது சரணமே வராவிட்டால்? 88ஆம் சங்கீதத்தில் அது வரவே இல்லை. துதி ஒன்றும் இல்லாமல் முடிகிறது. அதுவும் இராகத்தலைவனிடம் போன பாட்டுதான்.

சட்டகம் இரண்டு: அகரவரிசை

துக்கம் பெரிது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இது 13ஆம் சங்கீதத்தைவிட நல்லது. புலம்பல் புத்தகத்தின் முதல் நாலு அதிகாரங்களும் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பிடித்து எழுதப்பட்டவை. அதனால்தான் 1, 2, 4ஆம் அதிகாரங்களில் 22 வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வீதம் 66 வசனம். ஐந்தாவதிலும் 22 வசனம் உண்டு, எழுத்து வரிசை இல்லை. எருசலேம் எரிந்துபோன பிறகு எழுதியவர்கள், அழுகைக்கு ஒரு வேலி போட்டு எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு ஆத்திசூடி பழக்கம் உண்டு. உயிரெழுத்து 12, ஒன்றுக்கு ஒரு வரி. ஒரு தடவை உட்கார்ந்தால் இரண்டு எழுத்து, ஆறு தடவையில் முடியும். வரிசை மாறாமல் போங்கள். 'இ' கஷ்டமாக இருக்கிறது என்று 'உ'வுக்குத் தாவினால் வேலி உடைந்துவிடும். தொடக்கச் சொற்கள் தேடினால் கிடைக்கும்: அ அழுகை, ஆ ஆண்டவரே, இ இரக்கம், ஈ ஈரம், உ உம்மை, ஊ ஊமை, எ எதுவரைக்கும், ஏ ஏக்கம், ஐ ஐயா, ஒ ஒத்தாசை, ஓ ஓய்வு. ஔவுக்கு எல்லோரும் முட்டிக்கொள்வார்கள், தமிழில் அதற்குச் சொல்லே குறைவு. ஔஷதம் இருக்கிறது, மருந்து. கடைசி வரிக்கு மோசமான சொல் இல்லை.

நம்பிக்கையைக் கடைசியில்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது புலம்பல் புத்தகத்தின் நட்டநடுவில் வருகிறது, மூன்றாம் அதிகாரம் 23ஆம் வசனம். அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. உங்கள் பன்னிரண்டு வரியில் ஊ, எ பக்கம் அதை வைத்துப் பாருங்கள்.

மெட்டு போடும்போது கெடுவது

சினிமா மெட்டு வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒலிக்கிற பாட்டின் மெட்டில் சங்கீதம் எழுதினால், சபை வாய் பாடும், மனம் படத்தைப் பார்க்கும். மெட்டின் உரிமை வேறொருவருடையது என்பது தனி விஷயம்.

குறிலை இழுக்காதீர்கள். தமிழ்ப் பாட்டில் மிக அதிகமாக நடக்கிற தவறு இதுதான். "வரும்" என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டினால் "வாரும்" ஆகிவிடும். விடியல் வரும் என்று எழுதியிருப்பீர்கள், சபை விடியலை வாரும் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். "விடு" நீண்டால் வீடு, "படும்" நீண்டால் பாடும். நீளமான சுரத்தில் நெடில், அல்லது மெய் தொடர்கிற எழுத்து வையுங்கள்.

மூச்சு வாங்குகிற இடமும் முக்கியம். "என்னைக் கை" என்று நிறுத்தி, மூச்சு எடுத்து, "விடாதேயும்" என்று தொடர்ந்தால் கேட்பவருக்கு ஒரு நொடி கை மட்டும் தெரியும். சொல்லை உடைக்காமல் மெட்டை உடையுங்கள்.

அடுத்தது நாம், நாங்கள். கடவுளிடம் பேசுகிற பாட்டில் "நாம் கலங்கினோம்" என்றால் அவரையும் சேர்த்துக் கலங்க வைக்கிறீர்கள். அவரிடம் பேசும்போது "நாங்கள்", சபையைப் பார்த்துப் பேசும்போது "நாம்". 555 புத்தகத்தில் "நான்" என்று எழுதியதை ஆலயத்துக்குக் கொண்டுபோகும்போது "நாங்கள்" ஆக்க வேண்டுமா? அவசியமில்லை, 13ஆம் சங்கீதம் முழுக்க 'நான்'தான். ஆனால் உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விவரம் சரணத்தில் இருந்தால் மற்றவர்களால் அதைப் பாட முடியாது.

பெயர் வேண்டாம். குடிக்கிற கணவர், ஏமாற்றிய பங்காளி, யாராக இருந்தாலும் பாட்டில் அடையாளம் தெரியக் கூடாது. எல்லோரும் ஒரே தாமானில் (குடியிருப்பில்) இருக்கிற ஊரில் "மஞ்சள் கேட் போட்ட வீடு" என்றாலே போதும், தெரிந்துவிடும். 55ஆம் சங்கீதம் நெருங்கிய தோழன் செய்த துரோகத்தைச் சொல்கிறது. அவன் பெயர் கடைசிவரை இல்லை.

சுருதி: ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடுவதால் மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்கட்டும். தனியாகப் பாடுகிறவர் ஐந்து கட்டையில் அழகாகப் பாடலாம், பின் வரிசை வாயை மூடிக்கொள்ளும்.

"ஆவியானவர் கொடுத்தது, மாற்றக் கூடாது"

திருத்தச் சொன்னால் வருகிற பதில் இது. எரேமியா 36ஐக் காட்டுங்கள். எரேமியா சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா சொல்லச் சொல்ல பாருக் மறுபடி எழுதினான், இந்தத் தடவை முன்னைவிட அதிக வார்த்தைகளோடு. கர்த்தர் சொன்ன வார்த்தைக்கே இரண்டாவது பிரதி உண்டு. அதே பாருக் 45ஆம் அதிகாரத்தில் "என் தவிப்பினால் இளைத்தேன்" என்று புலம்புவதும், பெரிய காரியங்களைத் தேடாதே என்று பதில் வருவதும் படிக்க வேண்டியவை. ஆல்பம் போடுகிற கனவோடு தொடங்கியவர்கள் முக்கியமாக.

திருத்தத்தை எழுதி முடித்த வாரத்தில் செய்யாதீர்கள், இரண்டு வாரம் கழித்துச் செய்யுங்கள். பிறகு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஐந்தாறு பேரிடம் பாடிக் காட்டுங்கள், எதைப் பற்றி எழுதினீர்கள் என்று சொல்லாமல். பல்லவியை மூன்றாவது தடவை அவர்களே பாடினால் சரி. திணறினால், எந்தச் சொல்லில் திணறுகிறார்கள் என்று 555இல் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்தான் மாற வேண்டும்.

போதகருக்கும் பாடகர் குழுத் தலைவருக்கும் கொடுப்பது: ஒரே பக்கத்தில் வரிகள், மேலே சுருதியும் தாளமும், கூடவே வாட்ஸ்அப்பில் வாத்தியம் இல்லாத குரல் பதிவு. போதகர் வரிகளைப் பார்த்து ஏதாவது சொன்னால் கேளுங்கள். "ஞாயிறு ஆராதனைக்குச் சோகமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், லெந்து நாட்களுக்கு (தவக்காலத்துக்கு) கேட்டுப் பாருங்கள். அதைவிடப் பொருத்தமான இடம் துக்க வீடு. அங்கே வழக்கமாக யாரோ வேகமான துதிப்பாட்டைத் தொடங்கி, பாதியில் நின்றுபோகும். துக்க வீட்டில் கீபோர்டு இருக்காது, தாளும் எல்லோருக்கும் போதாது. பல்லவியை ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் பாடியதைவிட அரைக் கட்டை இறக்கித் தொடங்குங்கள், அழுதுகொண்டிருக்கிற தொண்டைக்கு மேல் ஸ்தாயி எட்டாது.