காற்றுத்தூசியிலுள்ள இலைமெழுகில் டியூட்டீரிய விகிதம் அளப்பது எப்படி?

காற்றில் மிதக்கும் தூசியில் இலைகளின் மேல்பூச்சு மெழுகும் இருக்கும். அதிலுள்ள ஆல்க்கேன்கள் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட மூலக்கூறுகள். அவற்றின் டியூட்டீரிய (கனமான ஹைட்ரஜன்) விகிதம், அந்தச் செடிகள் எப்படிப்பட்ட மழைநீரைக் குடித்தன என்று காட்டிக்கொடுக்கும். புதியவர்கள் ஆல்க்கேனில் தொடங்குவதே நல்லது. அதன் ஹைட்ரஜன் முழுவதும் கார்பனோடு பிணைந்திருப்பதால், ஆல்கஹாலில் நடப்பதுபோல் தண்ணீரின் ஹைட்ரஜனோடு இடம் மாறாது.

படி 1: குவார்ட்ஸ் இழை வடிகட்டியை 450 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டுவிட்டு, அதிகக் கொள்ளளவு பம்பில் பொருத்திக் காற்றை இழுக்கவும். விரல் படக்கூடாது, தோலின் எண்ணெயும் மாதிரியோடு சேர்ந்துவிடும். காற்று இழுக்காத வெற்று வடிகட்டி ஒன்றையும் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள்.

படி 2: டைகுளோரோமீத்தேன், மெத்தனால் கலவையில் பிரித்தெடுத்து, சிலிக்கா ஜெல் வழியே ஹெக்சேன் ஊற்றினால் ஆல்க்கேன்கள் முதலில் இறங்கும்.

படி 3: கலவையை ஒவ்வொரு பொருளாகப் பிரித்து வரைபடத்தில் சிகரங்களாகக் காட்டும் சாதாரண வாயு குரோமட்டோகிராஃபில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 27, 29, 31 என ஒற்றைப்படைக் கார்பன் சிகரங்கள் ஓங்கி நின்றால் இலைமெழுகு. இரட்டைப்படையும் சமமாக நின்றால் டீசல் போன்ற பெட்ரோலிய எச்சம். அதை இலைக் கணக்கில் எழுதாதீர்கள்.

படி 4: சரி, இப்போது ஐசோடோப் கருவி. ஒவ்வொரு ஆல்க்கேனும் 1400 டிகிரிக்கு மேல் சூடான அலுமினா குழாயில் சிதைந்து ஹைட்ரஜன் வாயுவாகும். சி29 ஆல்க்கேன் (29 கார்பன் கொண்டது) 200 நானோகிராம் கொடுத்தால் சுமார் 15 நானோமோல் ஹைட்ரஜன் கிடைக்கும். அது போதும்.

படி 5: புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அயனி மூலத்தில் ஹைட்ரஜன் அயனி இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதி, மூன்று அணு அயனியாகிறது. அதன் நிறை 3. டியூட்டீரியம் உள்ள மூலக்கூறின் நிறையும் 3. அந்த மூன்று அணு அயனி ஹைட்ரஜன் அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதனால் பெரிய சிகரத்தில் டியூட்டீரியம் பொய்யாகக் கூடித் தெரியும். ஒப்பிட வைத்திருக்கும் ஒரே ஹைட்ரஜன் வாயுவைப் பல சிகர உயரங்களில் செலுத்தி, விகிதம் எல்லாவற்றிலும் ஒன்றாக வருமாறு திருத்தக் காரணியைக் கண்டுபிடியுங்கள். தினமும் செய்யவேண்டும். மாதிரியின் சிகரமும் நியமத்தின் (மதிப்பு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) சிகரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதும் நல்லது.

படி 6: மதிப்பு தெரிந்த ஆல்க்கேன் கலவையை மாதிரிகளுக்கு இடையிடையே ஓட்டி, உலகெங்கும் ஒப்பீட்டுக்குப் பயன்படும் வியன்னா கடல்நீர் நியமத்தோடு இணையுங்கள். அந்த நியமத்தில் பத்து லட்சம் சாதாரண ஹைட்ரஜனுக்கு 155.76 டியூட்டீரியம். மாதிரியின் விகிதத்தை இதால் வகுத்து, 1 கழித்து, 1000-ஆல் பெருக்கினால் டெல்டா மதிப்பு.

மாதிரியை மூன்று முறை செலுத்தியும் மதிப்புகள் ஒத்துவரவில்லையா? சிகரத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். டியூட்டீரியம் உள்ள மூலக்கூறுகள் கொஞ்சம் முன்னாலேயே வெளிவந்துவிடும். முன்பகுதியை வெட்டினாலோ பக்கத்துச் சிகரம் அதில் ஏறியிருந்தாலோ, விகிதம் கெட்டுவிடும்.