மூக்கடைப்புக்கும் பிள்ளைகளின் சளிக்கும் வீட்டில் செய்யத் தக்கவை, தகாதவை

குனிந்தால் கன்னத்தில் கல் கட்டித் தொங்கவிட்டது போல் கனக்கிறது, காலையில் எழுந்ததும் புருவத்துக்கு மேல் வலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு முதலில் வேண்டியது மருந்தன்று. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் நான்கு இணைக் காற்றறைகள் (சைனஸ்) எப்படி வேலை செய்கின்றன என்ற தெளிவுதான். அவற்றில் சுரக்கும் சளி மெல்லிய துளைகள் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். கன்னத்து அறையின் துளை அடியில் இல்லாமல் மேலே இருப்பதால், துளையைச் சுற்றிச் சற்று வீங்கினாலே சளி உள்ளே தேங்கிவிடுகிறது. வீக்கத்தைத் தணித்து, சளியை இளக்கி, வழியைத் திறந்து விடுவதே இயற்கை முறையில் நாம் செய்யக்கூடியது.

அதற்கு நான் முதலிடம் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதற்கே. யோகத்தில் ஜலநேதி என்று பெயர் பெற்ற அதே முறைதான். கால் லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, அயோடின் சேர்க்காத தூள் உப்பும், எரிச்சல் குறைய ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போதும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறியிருக்க வேண்டும். உதகை, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கேன் தண்ணீர்தானே, குடிக்கிற தண்ணீர்தானே என்று அப்படியே மூக்கில் விடாதீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். 2024ஆம் ஆண்டு கேரளத்தில் அந்த நோயால் சிறுவர்கள் இறந்தார்கள். அரிதான நோய்தான், ஆனால் ஒரு நிமிடக் கொதியில் தடுத்துவிடக்கூடிய ஒன்றை ஏன் அசட்டை செய்ய வேண்டும்?

வெதுவெதுப்பான அந்த நீரைக் கிண்டியில் ஊற்றிக்கொண்டு, கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, மேலே இருக்கும் நாசியில் கிண்டியின் மூக்கை வைத்து மெதுவாகச் சாய்த்தால், நீர் கீழ் நாசி வழியாகத் தானே வெளியேறும். நீரை உறிஞ்சக் கூடாது. சுரீரென்று எரிந்தால் உப்பின் அளவு பிசகியிருக்கிறது என்று பொருள். முடிந்ததும் இரு நாசிகளையும் பொத்தாமல் மென்மையாகச் சிந்துங்கள். பலமாகச் சிந்தினால் நீர் காதுப்பக்கம் ஏறும். மூக்கு முழுவதும் அடைத்திருக்கும் நேரத்தில் வலிந்து ஊற்ற வேண்டாம். கிண்டியைக் கழுவிக் காய வைப்பதும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததே.

நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சற்று நேரம் இதமளிக்கும், நோயைக் குணமாக்காது. பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் கொதிக்கக் கொதிக்க இறக்கிய குண்டான் போர்வைக்குள் சரிந்து, ஆறு வயதுப் பிள்ளையின் தொடை வெந்துபோனது. சளி நான்கு நாளில் போயிற்று; தழும்பு இன்னும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நெற்றிப் பகுதியின் காற்றறைகள் ஆறு, ஏழு வயதுக்குப் பிறகே நன்கு உருவாகின்றன என்பதால், மூன்று வயதுக் குழந்தைக்குச் சைனஸ் தலைவலி என்று நாமே பெயர் வைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சிறு குழந்தைகளுக்கு இயல்பு. பத்து நாளுக்கு மேல் குறையாமல் நீடித்தாலோ, குறைந்த சளி மறுபடி காய்ச்சலோடு கூடினாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தால் அன்றே காட்ட வேண்டும். ஒரு நாசியில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஊக்கு விட்டு எடுக்க முயலாதீர்கள்.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாமல் தவிக்கும். மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் விட்டாலே போதும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், தொக்கம் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கடும் நிமோனியாவை உண்டாக்கும். பாட்டிமார்களிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிச் சிறு குழந்தையின் நெஞ்சில் தடவுவதும் ஆபத்து. கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் அடைத்த மூக்கை மேலும் உறுத்துகின்றன.

இருமலுக்கு, ஒரு வயது கடந்த பிள்ளைக்கு, படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் நல்ல பலன் தரும். ஒரு வயதுக்குள் தேனைச் சேனையாகக்கூட நாக்கில் வைக்காதீர்கள். அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் பச்சிளங்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு மிளகு ரசமும் இளஞ்சூட்டுக் கஞ்சியும் தொண்டைக்கு இதம்.

பிள்ளைக்குச் சளியோடு வயிற்றுப்போக்கும் வந்தால், உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதுதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் அதில் அச்சிட்ட அளவு நீரில் கரையுங்கள். அது கிடைக்கும்வரை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கைவைத்தியத்துக்கு இடமில்லை. அதைவிடப் பெரிய குழந்தைகளின் சளியில் நான் நம்புவது மூச்சை எண்ணுவதை. குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 என்ற அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, மணி என்ன என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.