ஆங்கில மரபுத்தொடர்களின் பிறப்பை விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில மரபுத்தொடர்களுக்கு விளக்கம் எழுத வரும் புதியவர்கள் எழுத்துப்பிழைகளையும் பொருட்பிழைகளையும் விரைவில் திருத்திக்கொள்கிறார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆண்டைப் பார்க்காமல் கதையை நம்புவது

மாணவர் இதழ் ஒன்றுக்காக ஓர் இளைஞர் அண்மையில் எழுதிவந்த கட்டுரையில், 'சேவ்டு பை தி பெல்' (கடைசி நொடியில் தப்பித்தல்) என்ற தொடர் சவப்பெட்டியிலிருந்து வந்ததாக இருந்தது. உயிரோடு புதைக்கப்பட்டவர் கையில் கட்டிய கயிற்றை இழுக்க, மேலே மணி ஒலித்து அவர் பிழைத்தாராம். அத்தகைய பெட்டிக்கு 1868இல் பிரான்ஸ் வெஸ்டர் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது உண்மையே. ஆனால் பெட்டி இருந்தது என்பதாலேயே தொடரும் அதிலிருந்து பிறந்ததாகிவிடாது. தள்ளாடும் குத்துச்சண்டை வீரரை, சுற்று முடிந்ததை அறிவிக்கும் மணி காப்பாற்றியதிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்குக்கு வந்த தொடர் அது.

கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (கொட்டும் மழை) என்ற தொடர் வந்தது என்பதும் இதே வகைக் கதைதான். கொட்டும் மழையில் சரிவான வைக்கோல் கூரையின் வெளிப்புறத்தில் எந்த நாய் படுத்திருக்கும்? 1651இல் வெளிவந்த கவிஞர் ஹென்றி வான் என்பவரின் நூலிலேயே நாயும் பூனையும் மழையாகப் பொழிகின்றன. இன்றைய வடிவத்தை 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அச்சேற்றினார். இவ்விரு கதைகளையும், பதினாறாம் நூற்றாண்டு வாழ்க்கையை விவரிப்பதாகச் சொல்லிக்கொண்டு 1999இல் வலம்வந்த ஒரே மின்னஞ்சல்தான் ஊரெங்கும் பரப்பியது. இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் ஆசிரியர் ஒருமுறை சொன்ன சுவையான கதையை வகுப்பு முழுவதும் ஆயுளுக்கும் நினைவில் வைத்திருக்கிறது, பின்னால் வரும் மறுப்போ அந்தப் பிள்ளைகளின் காதுக்கு எட்டுவதேயில்லை. தொடர் முதலில் அச்சில் தோன்றிய ஆண்டைப் பாருங்கள்; கதை சொல்லும் காலத்தோடு அது பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கதையை நீக்கிவிடுங்கள்.

முதலெழுத்துகளை விரித்துப் பொருள் காண்பது

ஆடம்பரமான என்று பொருள்படும் 'போஷ்' என்ற சொல், கப்பலில் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்பதைக் குறிக்கும் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகள் என்பார்கள். ஆனால் 'போஷ்' என்று முத்திரையிட்ட கப்பல் பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை.

ஒரே விடையை அடித்துச் சொல்வது

'கிக் தி பக்கெட்' (செத்துப்போதல்; சொல்லுக்குச் சொல், வாளியை உதைத்தல்) என்ற தொடரைப் பிரான்சிஸ் குரோஸ் 1785ஆம் ஆண்டின் கொச்சைச்சொல் அகராதியில் பதிவுசெய்தார். தூக்கிட்டுக்கொள்பவர் உதைத்துத் தள்ளும் வாளி என்பது ஒரு கருத்து. வெட்டிய பன்றியைத் தொங்கவிடும் உத்தரத்திற்கு வட்டார வழக்கில் 'பக்கெட்' என்ற பெயர் இருந்தது என்பது மற்றொன்று. அறிஞர்களே முடிவுகட்டாதபோது, இரண்டையும் வாசகர்முன் வைப்பதே முறை.

இடமறியாமல் பயன்படுத்துவது

இரங்கல் கடிதத்தில் 'கிக் தி பக்கெட்' என்று எழுதாதீர்கள்.