லாரித் தண்ணீர் பில்லுக்குக் கைதூக்கும் முன்: புதிய கவுன்சிலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பிப்ரவரித் தேர்தலில் தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு நிறையப் புதுமுகங்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் கோடை நெருங்கும்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் நகர்மன்றத்தில் இருந்த காலத்தில் எங்கள் மன்றம் செய்ததையே இவர்களும் வரி மாறாமல் செய்வதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. பொருள் நிரலைப் படிக்காமல் வருவது, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்புவது எல்லாம் தவறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால் ஊர் நஷ்டப்படும் என்று எனக்குப் படுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மே மாதத்தில் வரும் ‘அவசரத்தை’ அப்படியே ஏற்பது

லாரித் தண்ணீர் பில் மன்றக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கோடைகாலக் குடிநீர்ப் பற்றாக்குறையைச் சமாளிக்க லாரிகள் மூலம் குடிநீர் வழங்கிய செலவினத்துக்குத் தலைவர் அளித்த முன் அனுமதியை மன்றம் பின்னேற்பு (செலவு முடிந்த பிறகு ஒப்புதல்) செய்யலாம். வாசலில் காலிக்குடங்களோடு பெண்கள் நிற்கும்போது இதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. ‘ஆல் பாஸ்’ ஆகிவிடும். ஆனால் தண்ணீர் ஏற்கெனவே ஓடி முடிந்தது, வாடகையும் ஏறிவிட்டது. மன்றம் முடிவு செய்ய அதில் எதுவுமே மிச்சமில்லை.

எங்கள் ஊரில் அப்படி வந்த ஒரு பில்லில் ஒரே லாரிக்கு ஒரே நாளில் 14 நடை எழுதியிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடம் ஊருக்கு வெளியே. பிடித்து, ஓட்டி வந்து, தெருவில் இறக்கித் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். நடைச் சீட்டைக் கேட்டோம், இல்லை. கோடை நேரத்தில் இதைக் கிளறாதீர்கள் என்றார்கள். பணம் போய்விட்டது. அதே கோடையில் நீரேற்று நிலையத்தில் ஒரு மோட்டார் எரிந்து கிடந்தது. ரீவைண்டிங் செய்யக் குடிநீர் நிதியில் பணமில்லை என்று பதில் வந்தது. அந்த மோட்டார் ஓடியிருந்தால் பாதி லாரி தேவைப்பட்டிருக்காது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நகராட்சியில் பொது நிதி வேறு, குடிநீர் மற்றும் வடிகால் நிதி வேறு. பம்புக்கு மின்கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகை, குழாய் உடைப்புச் செலவு எல்லாம் இரண்டாவதிலிருந்துதான் போகின்றன. லாரி வாடகை அதைத் தின்றால் பராமரிப்பு நிற்கும். பராமரிப்பு நின்றால் அடுத்த கோடைக்கு இன்னும் அதிக லாரி வேண்டியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. ஏரியில் எவ்வளவு நிற்கிறது, கிணற்றில் ஊற்று எப்படி என்பது பொங்கலுக்குள் தெரிந்துவிடும். பட்ஜெட் அதற்குப் பிறகுதான் மன்றத்துக்கு வருகிறது. ஆகவே ஜனவரிக் கூட்டத்திலேயே கேளுங்கள்: எந்தெந்த வார்டு முதலில் வறளும், எங்கிருந்து தண்ணீர் எடுப்போம், மாற்று மோட்டார் கையிருப்பில் உண்டா, லாரிக்கு எப்போது டெண்டர்? 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அவசரக் கொள்முதலுக்கு விலக்குத் தருகிறது என்பார்கள். இயற்கைச் சீற்றம் அல்லது அவசர நிலை என்று அரசு அறிவித்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே உள்ள நிபந்தனை. உங்கள் மன்றம் அவசரம் என்று சொன்னால் மட்டும் அது பொருந்தாது.

நடைக் கணக்கில் வாடகை

6,000 லிட்டர் லாரியும் நடைதான், 12,000 லிட்டர் லாரியும் நடைதான். ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை கேளுங்கள். தேவையையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 600 குடும்பம், வீட்டுக்கு 8 குடம், குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 72,000 லிட்டர். பெரிய லாரியில் ஆறு நடை. பில் அதைத் தாண்டினால் காரணம் எழுத்தில் வரட்டும்.

சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை உதாரணம் காட்டுவது

‘2019-இல் அரசாங்கம் ரயிலே விட்டதே, நமக்கு லாரி விட முடியாதா’ என்று பேசுகிறவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஜூலை 12 அன்று வந்த முதல் ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். திட்டமிட்டது நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர். அப்போது சென்னைக்கு நாள்தோறும் வழங்கியதோ 50 கோடி லிட்டருக்கும் மேல். திட்டமிட்டபடி வந்தாலும் நூற்றில் இரண்டு பங்குதான். சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிய அந்தக் கோடையில் நகரத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு வீராணம் குழாய்க்கும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளுக்கும். மூன்றும் முன்பே கட்டி வைத்தவை. ஜோலார்பேட்டையில் ரயிலை நிரப்ப முடிந்ததும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே முன்பே இருந்ததால்தான்.

வார்டுக்கு ஒரு போர்வெல்

நிலத்தடி நீர்மட்ட அளவு மேசைக்கு வராமல் தீர்மானம் போடாதீர்கள்.

நிதிக்குழு மானியத்தில் சாலை கேட்பது

மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில், பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு என்றே கட்டுப்பட்டது. இன்னொரு 30 சதவீதம் துப்புரவுக்கு. அந்தக் குடிநீர்ப் பங்கில் எந்த வேலை எடுத்தார்கள், எது பாதியில் நிற்கிறது என்று கேட்கும் கவுன்சிலரை நான் அதிகம் பார்த்ததில்லை.

குடிநீர்க் கட்டண பாக்கி

உங்கள் வார்டின் பாக்கிப் பட்டியலை முதலில் நீங்களே வாங்கிப் படியுங்கள்.

நடைச் சீட்டில் ஓட்டுநர் கையெழுத்து மட்டும் போதும் என்று விடுவது

தண்ணீர் பிடித்த தெருக்காரர் ஒருவர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும், அந்தச் சீட்டு இல்லாத நடைக்குப் பணமில்லை என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.