பேட்டரி ஃபுல் என்று திரை சொன்னால் அப்படியே நம்பலாமா?

சோலார் போட்ட புதிதில் ஒரு நாள் மதியம் எட்டிப் பார்த்தேன். திரையில் 14.2 வோல்ட், நான்கு கட்டமும் நிறைந்திருந்தது. சரி, பேட்டரி ஃபுல் என்று நிம்மதியாக மோட்டாரைப் போட்டேன், அயர்ன் பாக்ஸையும் போட்டேன். வெயில் போனதும் அதே திரையில் 12.4. இரவு பத்து மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது. பேட்டரிதான் போச்சு என்று முடிவு கட்டினேன். பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. நான் பார்த்த நேரம்தான் கோளாறு.

தண்ணீர்த் தொட்டி என்றால் குச்சியை விட்டுப் பார்த்து மட்டம் சொல்லிவிடலாம். பேட்டரிக்குள் அப்படி எந்தக் குச்சியும் போகாது. வோல்ட்டேஜ், உள்ளே போன கரன்ட், வெளியே வந்த கரன்ட், ஆசிட்டின் அடர்த்தி என்று சில தடயங்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து ஊகித்த எண்ணைத்தான் திரை ‘75 சதவீதம்’ என்று அடித்துச் சொல்கிறது. எந்தத் தடயத்தை வைத்துச் சொல்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணை நம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு நான் செய்ததேதான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலில் தெரிவது சார்ஜர் தள்ளும் வோல்ட்டேஜ். வாளியில் வேகமாகத் தண்ணீர் பிடித்தால் நுரை பொங்கி விளிம்பைத் தொடும் அல்லவா, அந்த நுரையை அளந்த கதை. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடும்போது உள்ளே சுமார் 80 சதவீதம்தான் ஏறியிருக்கக்கூடும். மிச்சமுள்ள 20 சதவீதம் லேசில் ஏறாது. வோல்ட்டேஜ் அங்கேயே நிற்க, கரன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். அதற்கே சில மணி நேரம் பிடிக்கும். அதனால் ஃபுல்லா இல்லையா என்று பார்க்க இரண்டு எண் வேண்டும். வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்க வேண்டும், கூடவே கரன்ட் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரி என்றால் 3 ஆம்பியர் அளவுக்கு, அதாவது கொள்ளளவில் 2 சதவீதத்துக்கு வந்தால் ஏறக்குறைய நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 14.4 வோல்ட்டில் இன்னும் 15 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் அது பசியோடுதான் இருக்கிறது.

இதன் மறுபக்கம், லோடு ஓடும்போது பார்ப்பது. கிணற்றில் இறைக்க இறைக்க மட்டம் இறங்கும், சற்று விட்டால் ஊறி மேலே வரும். 700 வாட் லோடு ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் போகும். அந்த நேரத்தில் 11.6 என்று காட்டும் பேட்டரி, லோடை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் 12.3க்கு ஏறி நிற்கும். போதாததற்கு இன்வெர்ட்டர் திரை காட்டுவது இன்வெர்ட்டர் முனையில் உள்ள வோல்ட்டேஜ். நடுவில் இருக்கும் கேபிளும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கேபிளிலும் இணைப்புகளிலும் சேர்ந்து வெறும் 5 மில்லிஓம் மின்தடை இருந்தாலே 60 ஆம்பியரில் 0.3 வோல்ட் காணாமல் போகும்.

0.3 வோல்ட்டுக்கா இவ்வளவு பேச்சு என்றால், ஆமாம். ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 என்றால் ஃபுல், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. பேட்டரிக்குப் பேட்டரி கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கு இந்த அளவில்தான். 0.1 வோல்ட் பிசகினால் பத்து சதவீதம் பிசகிவிடும். மல்டிமீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீரும் நிலையில் இருந்தால், பல மீட்டர்கள் எல்லாவற்றையும் அதிகமாகக் காட்டும். ஊருக்கெல்லாம் அளக்கும் கருவியின் வயிறு காலியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

‘ஓய்வு’ என்றால் சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம். சோலார் வீட்டில் அப்படி ஒரு நேரம் தானாக வாய்க்காது. அதற்கு மிக நெருங்கி வருவது விடியற்காலை, பேனலில் வெளிச்சம் விழும் முன். இரவெல்லாம் ஒரு மின்விசிறி ஓடினாலும் பரவாயில்லை, தினமும் அதே லோடு, அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு நாள் எண்ணைவிட, பத்து நாள் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதுதான் பயன்படும். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தால் பேட்டரி தினமும் அரைவயிற்றோடு தூங்கப் போகிறது என்று அர்த்தம். லெட் ஆசிட்டில் அது நல்லதல்ல; தட்டுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டிப்பட்டுவிட்டால் இழந்த கொள்ளளவு திரும்ப வராது.

லித்தியத்துக்கு இந்த அட்டவணை செல்லாது

பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டவர்கள் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள். இன்வெர்ட்டர் பழையது, அதன் கட்டங்கள் லெட் ஆசிட் கணக்கில் எரிபவை. 12.7 வோல்ட் என்றால் அது சந்தோஷமாக ஃபுல் காட்டும். நான்கு செல் கொண்ட லித்தியம் பேட்டரி ஓய்வில் 12.7க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி! அதற்குக் கீழே வோல்ட்டேஜ் சரசரவென்று விழும். எல்லாக் கட்டமும் எரிந்துகொண்டிருக்கும்போதே பட்டென்று வீடு இருட்டாவது இதனால்தான்.

நடுப்பகுதியில் பிரச்சினை வேறு மாதிரி. 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் வோல்ட்டேஜ் 0.1, 0.2 தான் மாறும். வோல்ட்டேஜை வைத்து லித்தியத்தின் பாதியைக் கண்டுபிடிக்கலாம் என்பதை விட்டுவிடுங்கள். அதற்கு கரன்ட்டை எண்ணும் மானிட்டர்தான் வேண்டும்.

அந்த மானிட்டர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. பேட்டரியின் நெகட்டிவில் ஷன்ட் என்ற ஒரு துண்டை வைப்பார்கள். அதன் வழியாக எவ்வளவு கரன்ட் போனது, எவ்வளவு வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். வாசல் வழியே போவது மட்டும்தான் அதன் கண்ணில் படும். யாராவது ஒரு சின்ன விளக்கின் நெகட்டிவையோ பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலரின் நெகட்டிவையோ ஷன்ட்டைத் தாண்டி நேராக பேட்டரி டெர்மினலில் மாட்டிவிட்டால் அது கொல்லைப்புற வழி, கணக்கில் ஏறாது. ஷன்ட்டின் பேட்டரி பக்கத்து முனையில் பேட்டரியைத் தவிர வேறெந்த ஒயரும் இருக்கக் கூடாது.

ஒயரெல்லாம் சரியாக இருந்தாலும் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். 0.2 ஆம்பியர் கணக்கில் வராமல் போகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4.8 ஏஹெச். பத்து நாளில் 48, அதாவது 150 ஏஹெச் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் பேட்டரி உண்மையாகவே ஃபுல் ஆகும்போது மானிட்டர் தன்னை 100 என்று திருத்திக்கொள்கிறது. வாரக்கணக்கில் மேகமூட்டமாக இருந்து ஒரு நாள்கூட ஃபுல் ஆகவில்லை என்றால் அந்தச் சதவீதத்துக்குப் பெரிய மதிப்பு கொடுக்காதீர்கள். மேகம் இன்னொரு வேலையும் செய்யும். வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மேகம் கடந்தால் கரன்ட் சட்டென்று குறையும். மானிட்டர் அதை ‘ஃபுல் ஆகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு 100க்குத் தாவிவிடும். கரன்ட் எவ்வளவு நேரம் குறைவாக இருந்தால் ஃபுல் என்று கருத வேண்டும் என்பதை செட்டிங்கில் கூட்டி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

பெட்டிமேல் 150 என்று எழுதியிருப்பதை மானிட்டரில் போட்டுவிட்டு ஐந்தாறு வருடம் மறந்துவிடுவதும் சகஜம். பேட்டரி தேய்ந்து நிஜத்தில் 100 ஏஹெச்தான் தாங்குகிறது என்று வையுங்கள். 90 எடுத்த பிறகு மானிட்டர் ‘இன்னும் 40 சதவீதம் இருக்கிறது’ என்று சொல்லும். உண்மையில் மிச்சம் 10. புது பேட்டரிக்கே அந்த 150 என்பது பெரும்பாலும் 10 மணி நேரம் அல்லது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 20 மணி நேரக் கணக்கு என்றால் 7.5 ஆம்பியர். அதையே 75 ஆம்பியராக உறிஞ்சினால் லெட் ஆசிட் இரண்டு மணி நேரம் தாங்காது. பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897லேயே இதற்குச் சூத்திரம் போட்டுவிட்டார். மானிட்டரில் அவர் பெயரில் ஒரு செட்டிங் இருக்கும், லெட் ஆசிட்டுக்கும் லித்தியத்துக்கும் அது வேறு வேறு.

நான்கு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 48 வோல்ட் வரிசையில் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 50.0 வோல்ட் என்றால் சராசரி 12.5, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். தனித்தனியாக அளந்தால் மூன்று 12.7, ஒன்று மட்டும் 11.9. அந்த ஒன்றுதான் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மாதம் ஒரு முறை ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள்.

ட்யூபுலர் என்ற வகை லெட் ஆசிட் பேட்டரியின் மேல் நிற்கும் மிதவைக் குச்சியைச் சார்ஜ் காட்டி என்று நினைப்பவர்களும் உண்டு. அது தண்ணீர் மட்டம் காட்டுவது, அவ்வளவுதான். சார்ஜ் தெரிய ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். பல பேட்டரிகளில் ஃபுல் என்றால் 1.265 அளவில் இருக்கும், சிலவற்றில் 1.240, உங்களுடையது எது என்று தயாரிப்பாளர் தந்த குறிப்பில் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவுடன் அளக்காதீர்கள். ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும், நல்ல செல்கூடச் செத்தது மாதிரி காட்டும். ஒரு முறை நன்றாகச் சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு அளக்கலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், ஆசிட் விளையாட்டல்ல.

இப்போது என் வீட்டில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. விடியற்காலை எண் ஒன்று, சார்ஜ் முடியும் நேரத்துக் கரன்ட் ஒன்று, இரண்டே பத்தி. சில மாதம் முன்பு 12.5, 12.4, 12.3 என்று எண்கள் வரிசையாக இறங்கின. வெயிலோ சுள்ளென்று அடித்தது. லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய டெர்மினல் மேலும், மறுமுனையை அதில் முறுக்கியிருந்த கேபிள் லக்கின் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) மேலும் வைத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். 0.4 வோல்ட் காட்டியது. எல்லாவற்றையும் நிறுத்தி, நட்டைக் கழற்றிப் பார்த்தால் லக்கின் அடியில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். நான்காம் நாள் காலையில் நோட்டில் 12.6 எழுதினேன்.