சமையலறை சிங்க் மட்டும் அடைத்துக்கொண்டபோது

குளியலறையில் தண்ணீர் தடையின்றிப் போனது. சமையலறை சிங்க்கில் மட்டும் தேங்கி நின்றது. அப்படியென்றால் கோளாறு பொதுக் குழாயில் இருக்காது, சிங்க்குக்கு அடியில்தான். கீழே வாளியை வைத்து, பாட்டில் ட்ராப்பின் (சிங்க்கின் கழிவுக் குழாயில் உள்ள புட்டி வடிவப் பகுதி) அடிமூடியைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். சாம்பல் நிறக் களி விழுந்தது: உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தேயிலைத்தூள், சோற்றுப் பருக்கைகள், குறுக்கே ஒரு கறிவேப்பிலைக் காம்பு. நாற்றத்தைச் சொல்லாமல் விடுகிறேன். பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வாஷர் சரியாகப் பதிந்ததா என்று பார்த்து மூடினேன். ட்ராப்புக்குள் சிறிது தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாடையைத் தடுப்பது அதுதான். கடைக்காரர் ஆசிட் ஊற்றச் சொன்னார். கழற்றினால் தீரும் வேலைக்கு ஆசிட் எதற்கு? கொதிநீரும் வேண்டாம், அது பிவிசி குழாயை இளக்கிவிடக்கூடும். இப்போதெல்லாம் எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவுகிறோம்.