பழைய யெஸ்டி டேங்க் ஒழுகினால், எம்-சீலைக் கையில் எடுப்பதற்கு முன்

பழைய வண்டியின் டேங்க் ஒழுகினால் நம் பக்கத்தில் உடனே மூன்று வைத்தியம் சொல்வார்கள். குளியல் சோப்பைத் தேய், எம்-சீல் ஒட்டு, இல்லாவிட்டால் பட்டறையில் கொடுத்துப் பற்றவை. சோப்பு உண்மையிலேயே கேட்கும். அது பெட்ரோலில் கரையாது, அதனால் பாலக்கோட்டில் ஒழுக ஆரம்பித்த வண்டியைத் தர்மபுரி வரை ஓட்டி வந்துவிடலாம், ஆனால் அதோடு சரி. எம்-சீல் விஷயம் வேறு. உள்ளிருந்து பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும் தகரத்தை எந்தப் பசையும் பிடிக்காது, அப்படியே பிடித்தாலும் உள்ளே துரு தன் வேலையை நிறுத்தப் போவதில்லை, கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று ஒழுகும். ஓட்டை வெளியே தெரிந்தாலும் அரிப்பு உள்ளே இருந்துதான் வருகிறது. அதனால் முதலில் துரு, அப்புறம்தான் ஓட்டை.

நான் இதைச் செய்து பார்த்தது மைசூரில் தயாரான யெஸ்டி ரோடுகிங்கில். ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் எதுவானாலும் முறை இதுதான், ஒரே ஒரு வித்தியாசத்தைக் கீழே சொல்கிறேன். டேங்கை எப்படிக் கழற்றுவது என்பதை விட்டுவிடுகிறேன், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது.

ஒழுகுவது டேங்க்தானா?

அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸை உரசிப் பொடி படியும்படி பூசுங்கள். கால் மணி நேரத்தில் எங்கே நனைகிறதோ அங்கே இருந்துதான் வருகிறது. பல சமயம் பெட்ரோல் காக்கின் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வாஷர் போயிருக்கும், ஐந்து நிமிட வேலை. உண்மையான ஓட்டை என்றால் பெரும்பாலும் இடது பக்க அடியில்தான் இருக்கும். நம் வண்டிகள் சைட் ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்தே நிற்கின்றன, உள்ளே சேரும் தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அந்த மூலையில் போய்த் தங்குகிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிக்கு இது நல்லதல்ல.

காலி டேங்க்தான் ஆபத்து

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் அதிக ஆபத்து, ஏனென்றால் வெடிப்பது பெட்ரோல் அல்ல, காற்றோடு கலந்த அதன் ஆவி. காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் போய்ப் பூஜை விளக்கையோ அடுப்பையோ தொட்டுவிடும். அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பெட்ரோலைக் கேனில் வடித்து மூடித் தூரமாக வைத்துவிடுங்கள். நன்றாகக் கழுவாத டேங்கை எந்தப் பட்டறைக்கும் கொண்டு போக வேண்டாம். கழுவிய பிறகும் துருவின் அடியிலும் மடிப்பிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாக வெளியே வரும்.

எண்ணெய்ப் படலம்

இங்கேதான் என் வேலை இழுத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் தனி டேங்கில் போகிறது, புல்லட்டில் என்ஜினுக்குள்ளேயே நிற்கிறது. யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம், பல வருடமாக அந்த ஆயில் துருவின் மேல் பிசின் மாதிரி படிந்து கிடக்கும். அதன் மேல் என்ன ஆசிட் ஊற்றினாலும் துருவைத் தொடாது. இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் பார்த்தால் துரு அப்படியே சிரிக்கும், ஆசிட் மட்டமான சரக்கு என்று கடைக்காரர் மேல் சந்தேகம் வரும்.

முதல் நாள் வேலை எண்ணெயை எடுப்பது மட்டும்தான். துணி துவைக்கும் பவுடரும் வாஷிங் சோடாவும் கலந்த கொதிநீரை ஊற்றி, குலுக்கி, ஊறவிட்டு, கொட்டி, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: வெறும் தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டு மூடி வழியாக உள்ளே பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, தகரம் முழுக்கச் சீராக நனைந்து பரவி நின்றால் போய்விட்டது. சோடாவை நன்றாக அலசி எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஊற்றும் ஆசிட்டின் வீரியத்தை அதுவே தின்றுவிடும்.

துரு

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். வேகமாகத் துருவை எடுக்கும்தான், நல்ல தகரத்தையும் சேர்த்துத் தின்னும், அலசிய அடுத்த நிமிடமே மறுபடி துருவும் பிடிக்கும். என் ஓட்டு சிட்ரிக் ஆசிட்டுக்கு. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், வெந்நீரில் கரைத்து ஊற்றி அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை. காக் ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்துக்கொள்ளுங்கள், மூடியை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். பெயின்ட் மேல் வழியாமல் பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள். கெட்டித் துருவை உதிர்க்கப் பலர் நட்டும் ஜல்லியும் போட்டுக் குலுக்குவார்கள், உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டால் அதை எடுக்க அரை நாள் போகும். கம்பி கட்டிய மெல்லிய சங்கிலியைப் போட்டுக் குலுக்குங்கள், இழுத்தால் முழுசாக வந்துவிடும்.

புளி வேலை செய்யாதா என்று நம் மாவட்டத்தில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள், ரோட்டோரம் முழுக்கப் புளியமரத்தை வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பதும் கஷ்டம்தான். செய்யும், அதிலும் அமிலம் இருக்கிறது. ஆனால் அதன் சக்கையும் நாரும் டேங்க் மடிப்பில் தங்கிக் கடைசியில் கார்புரேட்டரை அடைக்கும். பித்தளைக் குடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிட்டைக் கொட்டியதும் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை அலசி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். இதற்கு மேல் தாமதமே கூடாது. முடி காயவைக்கும் டிரையரை மூடி வழியாக விட்டு, காக் ஓட்டையைத் திறந்து, ஈரம் போகும்வரை ஓட்டுங்கள். வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வருவதற்குள் உள்ளே செம்மண் நிறம் ஏறியிருக்கும்.

ஓட்டையை அடைப்பது

துரு போனதும் ஓட்டை கூடியிருக்கும். பயப்பட வேண்டாம், இத்தனை நாளும் துருவே அடைத்து வைத்திருந்த ஓட்டைகள்தான் அவை. இருட்டறையில் ஒரு சின்ன எல்இடி விளக்கை உள்ளே விட்டால் எல்லாமே தெரிந்துவிடும், மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை துளியும் இல்லாத டேங்க் என்றால் மட்டும்தான் இந்த விளக்கு வேலை.

அப்புறம் பைக் பட்டறைக்குப் போகாதீர்கள், லாரி ரேடியேட்டர் பார்ப்பவரிடம் போங்கள். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் சேரும் கிருஷ்ணகிரியில் லாரி பட்டறைக்குப் பஞ்சமில்லை, அங்கே ஈயம் வைக்க, அதாவது ஈயத்தை உருக்கி ஓட்டையை அடைக்க, தெரிந்த கை கிடைக்கும். ஊசி முனை ஓட்டைக்கு ஈயம் போதும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெலிந்த தகரம் உருகி ஓட்டை பெரிதாகும். விரல் வைத்தால் அமுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து, பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங் செய்யச் சொல்லுங்கள். இதை முன்பே முடிவு செய்துவிடுங்கள், ஈயம் பட்ட இடத்தில் பிறகு வெல்டிங் சரியாக நிற்காது.

டேங்கில் தண்ணீர் நிரப்பி, ஓட்டை மேலே வரும்படி திருப்பி, தண்ணீர் ஓட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஆவி சேர இடம் இருக்காது. தண்ணீர் ஓட்டையைத் தொட்டால் சூட்டை உறிஞ்சிவிடும், ஈயம் ஒட்டாது. மூடி, காக் இரண்டில் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். ஈயம் பிடிக்கப் பூசும் ஆசிட்டை வேலை முடிந்ததும் கழுவாவிட்டால் அதுவே புதுத் துருவுக்கு விதை.

உள்ளே பூசும் லைனர் தேவையா? வாரம் இரண்டு நாளாவது ஓடும் வண்டி என்றால் வேண்டாம் என்பேன். எண்ணெயோ துருவோ மிச்சம் இருந்தால் அது பாளம் பாளமாக உரிந்து வரும், எடுப்பது நரகம். ஓட்டை சல்லடையாக இருந்தால் மட்டும் பூசுங்கள், எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை வாங்குங்கள். லைனர் இல்லை என்றால் காய்ந்ததும் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றிவிடுங்கள், நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள்.

சோதனைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், மறுபடி சாக்பீஸ் பொடி, திறந்த வெளியில் ஓர் இரவு.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒருவர் சோதனைக்காக டயருக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரசரை டேங்கில் விட்டிருக்கிறார், பக்கவாட்டுத் தகரம் உப்பிவிட்டதாம். காற்று வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் வாயால் ஊதினால் போதும், அதுவும் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால். வெளியே சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர் ஒழுகல் நின்றது, ஆனால் வண்டி நான்கைந்து கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, சற்று நேரம் கழித்துக் கிளம்புகிறது என்றார். டேங்க் மூடியில் காற்று போகும் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, பெயின்ட் அடிக்கும்போது அது அடைபட்டிருக்கிறது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான். ஓர் ஊசியால் குத்திவிட்டால் சரியாகிவிடும்.